எதிர்க்கதவுத் தடுப்பாட்டக்காரன்

நனைந்த தோல், நாட்பட்ட வியர்வை, இரண்டையும் மறைக்க அடித்த மலிவான வாசனைத் தண்ணீர்: இந்த மூன்றும் கலந்த மணம் ஒன்று அந்த ஆண்டு புரட்டாதி மாதம் எங்கள் மாடிப்படியில் குடியேறியது. கீழ்வீட்டு டெனிஷ் மூதாட்டி அதை முகர்ந்துவிட்டு எங்கள் கதவை அண்ணாந்து பார்ப்பார். நாங்கள் அதை முகர்ந்துவிட்டு எதிர்க்கதவைப் பார்ப்போம். மீன் பொரித்தால் குசினி ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று வீட்டில் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்த காலம் அது; ஆகவே நாங்கள் கிளப்பாத நாற்றத்துக்கும் பழி எங்களிடம்தான் வந்து சேரும் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

எண்பதுகளின் கடைசி. டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் போனால் வருகிற சிறிய ஊர். ஒரு தேவாலயம், ஓர் இறைச்சித் தொழிற்சாலை, தகரக் கூரை போட்ட ஓர் ஐஸ் மண்டபம், அவ்வளவுதான். அப்பாவும் நானும் அகதிகளாக வந்து இரண்டு வருடமாகியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் தங்கச்சியும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். எங்களுக்கு இருக்க அனுமதி கிடைத்த கையோடு அவர்களைக் கூப்பிட அப்பா விண்ணப்பம் போட்டார். விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. சில மாதங்கள் கழித்து அதே கடிதம் வேறு தேதியில் வந்தது. அப்பா ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவர், கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பைல் எண்டால் மேசைக்கு மேசை போய்த்தான் வரும். நானும் வைச்சிருந்தனான்தானே," என்று சொல்லி மடித்து வைப்பார். அரசாங்க அலுவலகம் ஒன்றின்மேல் எங்கள் வீட்டில் நம்பிக்கை வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

நம்பிக்கையே இல்லாத ஆள் ராசன் சித்தப்பா. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. கொம்யூன், அதாவது நகரசபை, அவரை வேறொரு ஊரில் பதிந்து, அங்கே ஓர் அறையும் கொடுத்திருந்தது. அந்த ஊரில் கதைக்க ஆளில்லை என்று அவர் எங்களோடு வந்து இருந்துகொண்டார். பதிவில்லாத ஆளை வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு சட்டம் இருந்தது. அப்படி ஒரு சட்டம் உண்மையில் இருந்ததா என்று நான் இன்றுவரை தேடிப் பார்த்ததில்லை. சித்தப்பா சொன்னார், ஆகவே இருந்தது. அந்தச் சட்டத்தின்படி குற்றவாளி தானே என்பது அவருடைய நித்திரையைக் கெடுத்ததாகத் தெரியவில்லை, கெட்டது என்னுடையது.

அம்மா வருவதும் வராமல் போவதும் நாங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதில்தான் தங்கியிருக்கிறது என்று நான் முழுமனதாக நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர் எத்தனை அப்பிள் மிச்சம் என்று என்னைக் கேட்டபோது நான் எழுந்து நின்று, "நாங்கள் இரண்டு பேர்தான்," என்று டெனிஷில் சொன்னேன். வகுப்பு சிரித்தது. விடையும் இரண்டுதான் என்பதால் தப்பினேன்.

இந்த லட்சணத்தில்தான் எதிர்க்கதவுக்கு யோனாஸ் வந்தான். வயது இருபதுக்குள். சுவீடன்காரன். ஐஸ் ஹொக்கி விளையாடுவதற்காக ஊர்க் கழகம் தன்னைக் கூப்பிட்டு அந்த வீட்டில் இருத்தியிருப்பதாகவும், தான் தடுப்பாட்டக்காரன் என்றும், இதுதான் தன் தொழில் என்றும் முதல்நாளே படியில் நின்று அப்பாவிடம் சொன்னான். அப்பா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். விளையாடுவதற்குச் சம்பளம் கொடுக்கிற நாடொன்று உலகத்தில் இருக்கும் என்பதைக் கச்சேரியில் பதினாறு வருடம் குந்தியிருந்த மனிதர் எப்படி நம்புவார்? சித்தப்பாவின் கேள்வி இன்னும் கூர்மையானது.

"சுவீடனிலை ஐஸ் இல்லையோ அண்ணை? இஞ்ச வந்து என்னத்துக்குச் சறுக்கிறான்?"

அதன்பிறகு அவன் செய்ததெல்லாம் சாட்சியாக மாறியது. காலை பத்துக்குப் போவான், ஒரு மணிக்கு வருவான், பின்னேரம் மறுபடி போவான். எந்தத் தொழிற்சாலையில் அப்படி ஒரு வேலைநேரம்? தோளில் ஓர் ஆளை மடித்து வைக்கக்கூடிய பை. அதிலிருந்து நீட்டிக்கொண்டு துணியால் சுற்றிய ஏதோ. முன்பல் ஒன்று இல்லை. ஒரு கிழமை கண் நீலமாக இருக்கும், அடுத்த கிழமை புருவத்தில் தையல். இப்படி முகமுள்ள ஆட்களை ஊரில் எந்த விசாரணைக் கட்டடத்துக்குள் பார்த்திருக்கிறோம் என்று சித்தப்பா நினைவுபடுத்தினார். அடி வாங்கிய முகமல்ல, அடிக்கிற முகம் என்பது அவருடைய தீர்ப்பு. ஆக, வெளிநாட்டாரைக் கண்காணிக்கிற பொலிஸ் எங்களைக் கவனிக்க ஆளை அனுப்பிவிட்டது.

நான் உளவு பார்க்கத் தொடங்கினேன். கதவிலிருக்கிற குமிழ்க் கண்ணாடி என் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே என்பதால், கழுவி வைத்த சோற்றுப்பானையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்பேன். பார்த்ததில் மிகப் பயங்கரமானது, அவன் எங்கள் சப்பாத்துகளைப் பார்த்ததுதான். எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தானே உள்ளே போவார்கள். வார நாட்களில் மூன்று சோடி. சனிக்கிழமைகளில் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து அப்பாவின் நண்பர்கள் இருவர் சீட்டு விளையாட வருவார்கள்; ஐந்து சோடி. இந்தச் சுவீடன்காரன் ஒரு சனிக்கிழமை படியில் நின்று, விரலை நீட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணினான். எண்ணி முடித்துத் தலையாட்டிக்கொண்டான். நான் பானையிலிருந்து விழுந்தேன்.

அன்றிலிருந்து சப்பாத்துகள் உள்ளே வந்தன. மூன்றாவது பல்துலக்கி அலுமாரிக்குள் போனது. சித்தப்பா தும்முவதென்றால் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தும்ம வேண்டும் என்று சித்தப்பாவே சட்டம் போட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளியால் வந்து, நிலவறையிலிருக்கிற பொதுச் சலவை அறைக்கு உடுப்புக் கூடையோடு இறங்கினேன். மெஷினின் மேல் நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று கிடந்தது. முதல் பக்கத்தில் யோனாஸின் பெயர். திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் மூலை மழுங்கிய நீள்சதுரம். நடுவே ஒரு கோடு. உள்ளே வட்டங்கள், பெருக்கல் குறிபோன்ற புள்ளடிகள், அம்புக்குறிகள், பாம்புபோல் வளைந்து செல்கிற கோடுகள். கீழே சுவீடிஷில் சிறு குறிப்புகள். கூடையைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

சித்தப்பா அதைக் குசினி மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். அவருக்குச் சுவீடிஷ் தெரியாது. டெனிஷும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தக் கொப்பியை அவர் வாசித்த வேகத்தில் பத்திரிகைகூட வாசித்ததில்லை.

"இது எங்கடை வீடு அண்ணை. நடுவிலை கோடு, அறைச் சுவர். எத்தினை வட்டம், எண்ணுங்கோ."

அப்பா எண்ணினார். "அஞ்சு."

"சனிக்கிழமை நாங்கள் எத்தினை பேர்?"

சித்தப்பா பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டு போனார். என்னையும் சேர்த்துச் சீட்டு விளையாடுகிற நால்வர் பரந்து நிற்கிறார்கள். ஒரு கரையில் அரைவட்டத்துக்குள் தனியே நிற்கிற ஐந்தாவது வட்டம் குசினியில் அடுப்படியில் நிற்கிற அவர். அங்கிருந்து வளைந்து வளைந்து போகிற கோடு எதுவென்று நான் கேட்டேன். இரண்டு பியருக்குப் பிறகு தான் கழிவறைக்குப் போகிற வழி என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அப்பா கொப்பியை மூடினார். மற்றவனுடைய கடதாசி எங்கள் வீட்டில் இருக்கக்கூடாது என்றும், எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கும்படியும் என்னிடம் சொல்லிவிட்டுப் பின்னேர வேலைக்குப் போனார். கதவு சாத்தியதும் சித்தப்பா, திருப்பி வைத்தால் நாங்கள் பார்த்துவிட்டது அவனுக்குத் தெரிந்துவிடும் என்றார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் பட்டது. ஆகவே இருவரையும் திருப்திப்படுத்துகிற ஒரு முடிவை எடுத்தேன்: கொப்பியை அரிசிச் சாக்குக்குள் புதைத்துவிட்டு, வைத்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வைத்தது உண்மைதானே. சித்தப்பா அன்றைக்கே ஒரு பையில் உடுப்பை அடைத்துக்கொண்டு, வைலேயிலிருக்கிற கூட்டாளி வீட்டுக்கு ரயிலேறினார்.

சனிக்கிழமை முற்பகல். அப்பா தொழிற்சாலையில். சீட்டாட்டக்காரரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம். மணி அடித்தது. பானைமேல் ஏறிப் பார்த்தால், குமிழ்க் கண்ணாடி முழுக்க அந்த நீலம்பாரித்த கண். திறக்காமல் விட்டால் சந்தேகப்படுவான் என்று திறந்தேன். திறந்த பிறகுதான் கையில் பானையோடு நிற்பது தெரிந்தது.

யோனாஸ் காற்றில் ஒரு நீள்சதுரம் வரைந்து, கொப்பி ஒன்றைக் கண்டாயா என்று கேட்டான். இல்லை என்றேன். சலவை அறையில், நீல நிறம் என்றான். இல்லை என்றேன். அவன் முகம் தொங்கிப்போனது. பொலிஸ்காரன் நடிப்பதற்கும் ஓர் அளவு உண்டு என்று எண்ணிக்கொண்டேன். பிறகு, சப்பாத்துகள் வழமையாகக் கிடக்கிற இடத்தைப் பார்த்தான். வெறும் தரை. நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டான். நான் இரண்டு விரல் காட்டினேன். அவன் தரையைப் பார்த்து ஐந்து விரல் காட்டினான். நான் இரண்டு. அவன் ஐந்து. ஏலக்காரரைப்போல் கொஞ்சநேரம் நின்றோம். கடைசியில் அவன் சட்டைப்பையிலிருந்து ஐந்து கடதாசித் துண்டுகளை எடுத்து, இரண்டை என்னிடம் தந்துவிட்டு, மூன்றைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அப்பா வந்து துண்டுகளைப் படித்தார். நுழைவுச்சீட்டு: ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, ஐஸ் மண்டபம். பொறியோ என்று நான் கேட்டேன். அப்பா துண்டுகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, போகாமல் விட்டால்தான் சந்தேகம் என்றார். நாங்கள் என் வாழ்க்கையின் முதல் ஐஸ் ஹொக்கி ஆட்டத்துக்குப் போனது இப்படித்தான்.

மண்டபத்துக்குள் வெளியை விடக் குளிர். டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து குளிருக்குள் குந்தியிருக்கிற சனத்தை அப்பா இரக்கத்தோடு பார்த்தார். உயரமான வாங்கு ஒன்றில் இடம் பிடித்து இருந்தோம். நான் குனிந்து கீழே பார்த்தேன்.

கீழே எங்கள் வீடு கிடந்தது. மூலை மழுங்கிய நீள்சதுரம். நடுவே சிவப்பாய் அறைச் சுவர். அங்கங்கே வட்டங்கள். இரண்டு கரையிலும் அரைவட்டம். வெள்ளை வெளேரென்ற ஐஸில் பெரிதாகக் கீறி, அதன்மேல் தலைக்கவசம் போட்ட ஆட்கள் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோல்காரன் கால்களில் தலையணை கட்டிக்கொண்டு அரைவட்டத்துக்குள் போய் நின்றபோது அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது.

"அங்கை பார். உன்ரை சித்தப்பா குசினியிலை நிக்கிறார்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அம்மாவைப் பிரிந்து வந்த பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அதை அனுபவிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஓடுகிற ஆட்களுக்குள் யோனாஸைக் காணோம். அவன் எதிர்ப்பக்க வாங்கில், சாதாரண ஜாக்கெட்டோடு, முழங்காலில் முகத்தைத் தாங்கிக்கொண்டு இருந்தான். எங்கள் பக்கத்தில் இருந்தவர் அப்பாவோடு தொழிற்சாலையில் வேலைசெய்கிற டெனிஷ்காரர். அவர்தான் விபரம் சொன்னார். பொடியன் பரீட்சார்த்தமாகத்தான் வந்திருக்கிறான். டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்குள் பிடித்துப்போனால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இன்றைக்கு உட்பட மூன்று ஆட்டம்தான் மிச்சம். பயிற்சியாளர் கண்டிப்பானவர், ஆட்டத் திட்டம் எழுதின கொப்பியைத் தொலைத்தவனை இறக்குவதில்லை. இவன் சலவை அறையில் விட்டதாகச் சத்தியம் பண்ணுகிறானாம்.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எங்கை வைச்சனி?"

"அரிசிக்குள்ளை."

முதல் இடைவேளை விட்டதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி நடந்தார். கொப்பியைக் கண்டெடுத்தோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவோம் என்று நான் வழிநெடுகக் கெஞ்சினேன். மிச்சத்தைச் சொன்னால் அம்மா வரமாட்டா என்று அழுதேன். இவன் ஹொக்கிக்காரன் என்பது தெரிந்துவிட்டாலும் இவன் யாருக்கும் சொல்லமாட்டான் என்பதற்கு என்ன அத்தாட்சி? அந்தப் பயம் அப்பாவுக்கும் இருந்தது, ஆனாலும் நடையை நிறுத்தவில்லை. யோனாஸின் முன்னால் போய் நேராக நின்று, கச்சேரியில் மேலதிகாரிக்குச் சொல்வதுபோல், தனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னார்:

"என் மகன் பொய் சொன்னான். உங்கள் கொப்பி எங்களிடம் இருக்கிறது. நாங்கள் வீட்டில் இரண்டு பேர் அல்ல, மூன்று பேர். சனிக்கிழமைகளில் ஐந்து."

அம்மாவுடைய பைல் எங்கோ ஒரு மேசையில் இரண்டாகக் கிழிபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

யோனாஸ் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஜாக்கெட் பைக்குள் கையைவிட்டு அந்த மூன்று துண்டுகளையும் எடுத்து நீட்டினான்.

"ஐந்து என்றுதானே நானும் சொன்னேன்," என்றான்.

என்னை என்ன என்று நினைத்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. அவனை என்ன என்று நினைத்தோம் என்பதையும், அம்மாவைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்தைப் பற்றியும் அப்பாவாகவே சொன்னார். பொலிஸ் என்றதும் அவன் பல்லில்லாத இடம் தெரியச் சிரித்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அன்று பின்னேரம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது பக்கங்களுக்கிடையிலிருந்து அரிசி கொட்டியது. கொட்டியதை அவன் குனிந்து பொறுக்கி என் கையில் தந்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு ஐந்து பேரும் போனோம். வைலேயிலிருந்து திரும்பி வந்த சித்தப்பா, இது இன்னும் ஆழமான சதியாகவும் இருக்கலாம் என்று எச்சரித்துவிட்டு, எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். தடுப்பாட்டக்காரன் என்றால் என்னவென்று அன்றுதான் விளங்கியது. அவன் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போகிறான். கண் மட்டும் எதிரே வருகிறவனை விட்டு அசைவதில்லை. வருகிறவன் எந்தப் பக்கமும் ஏமாற்றலாம் என்று கடைசி நொடிவரை எதையும் நம்புவதில்லை. சந்தேகப்படுவதற்கு அவனுக்குச் சம்பளம். நாங்கள் அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தோம். கடைசி ஆட்டத்தில் அவன் பந்தைக் காலால் மறித்து நொண்டிக்கொண்டே எழும்பி நின்றபோது — அதைப் பந்து என்று சொல்லக்கூடாது, கறுப்பு றப்பர்த் துண்டு — அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

நத்தாருக்கு முந்திய கிழமை அவன் அந்தப் பெரிய பையோடு எங்கள் கதவைத் தட்டினான். கழகம் வைத்துக்கொள்ளவில்லை. நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் போதிய அளவு பார்க்கக் கிடைக்கவில்லை என்று பயிற்சியாளர் சொன்னாராம். அவன் இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. உங்கள் கடிதம் வந்ததா என்று அப்பாவைக் கேட்டான். பரிசீலனையில் இருக்கிறது என்றார் அப்பா. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பை படிகளில் இடித்து இடித்து இறங்குகிற சத்தம் கீழ்க்கதவுவரை கேட்டது.

அம்மாவும் தங்கச்சியும் வந்து சேர்ந்தபோது, பிரிந்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர்கள் வந்து சில காலத்துக்குப் பிறகுதான் பத்திரிகைகளில் விஷயம் உடைந்தது. எங்கள் ஆட்களுடைய விண்ணப்பங்கள் தாமதமாகவில்லை, வேண்டுமென்றே நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. சட்டப்படி உரிமை இருந்தும், மேலேயிருந்து வந்த சொல்லின்படி, பைல்கள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. அதில் ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது. டெனிஷ்காரர் அதற்கு எங்கள் இனத்தின் பெயரை வைத்தே தமிழர் வழக்கு என்று பெயரிட்டார்கள். வீட்டில் எத்தனை சப்பாத்து என்று ஒருவரும் எண்ணியிருக்கவில்லை. அப்பா பத்திரிகையை அகராதியோடு ஒரு பின்னேரம் முழுக்கப் படித்தார். மேசைக்கு மேசை போகிற பைலைப் பற்றி அவர் அதன்பிறகு பேசியதேயில்லை. அன்று பேசியது இவ்வளவுதான்:

"நாங்கள் பிழையான ஆளையெல்லே பிடிச்சு வைச்சிருந்தம்."

அப்பா இப்போது இல்லை. ஐஸ் மண்டபத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் தளபாடக் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. சித்தப்பா டெனிஷ் பிரஜையாகி, தன் கைத்தொலைபேசியைச் சந்தேகித்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். அம்மா என்னோடு வைலேயில். பின்னேரங்களில் பத்திரிகையில் வந்த எல்லாவற்றையும் நான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

போன மாரியில் ஒருநாள், தொழில்முறை ஹொக்கிக்காரர் எல்லோருடைய கணக்கையும் சேர்த்து வைத்திருக்கிற இணையத்தளம் ஒன்றில் யோனாஸைத் தேடிப் பிடித்தேன். அவனுடைய ஆட்ட வாழ்க்கை அரைப் பக்கம்கூட இல்லை. சுவீடனில் கீழ்ப் பிரிவுகளில் சில வருடங்கள். அதற்கு முன்னால் டென்மார்க்குக்கு ஒரு வரி. பிறகு வெறுமை. டென்மார்க் வரியில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்தபோது, ஐம்பதை எட்டிப்பிடிக்கிற இந்த வயதிலும் பழைய பயம் வந்து ஒட்டிக்கொண்டது. பயத்தில் நான் எப்போதும் செய்வதுபோல உடனே ஒரு மடத்தனம் செய்தேன்: தளத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். இந்த எண் ஒன்றால் குறைவு, அதற்குக் காரணம் நான், தயவுசெய்து ஒரு குறிப்பாவது போடுங்கள் என்று கேட்டு, நடந்ததை அரிசிச் சாக்கு உட்பட எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாளில் பண்பாகப் பதில் வந்தது. கதையை ரசித்தார்களாம். ஆனால் ஆடிய ஆட்டங்களை மட்டுமே பதிவது தங்கள் வழக்கமாம். ஆடாமல் வெளியே இருந்ததற்கு அங்கே ஒரு நிரல் இல்லையாம்.

அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"சரியாத்தானே எழுதியிருக்கினம்," என்றார். "வழி பாத்துக்கொண்டிருந்த நாளை ஆர் எழுதி வைக்கிறது?"